ஈறுகெட்ட எதிர்மறை

ஐந்து மைக்ரான் தடிமன்.
மெழுகில் உறைந்த ஈறு
கத்தி பட்டதும் நாடாவாய்ச் சுருண்டு வருகிறது.
வெந்நீரில் மிதக்கவிட்டு
கண்ணாடிச் சில்லால் ஏந்துகிறேன்,
பாலாடை எடுப்பதுபோல.

டர்பன், உம்பிலோ ரோடு, மூன்றாம் மாடி.
ஏசி கெட்டுப்போன பிப்ரவரி.
இன்று நாற்பத்தொரு ஸ்லைடுகள்.
பெயர் கிடையாது, எண் மட்டும்.

தேடுவது ஒரு புரோட்டீனை.
வெப்ப அதிர்ச்சிப் புரதம் என்கிறது பாடநூல்;
யாரோ பழ ஈக்களைத் தவறிச் சூடேற்றியபோது
அகப்பட்டதாம்.
காய்ச்சலோ கிருமியோ வந்து
செல்லுக்குள் மற்றப் புரதங்கள்
மடிப்புக் கலைந்த சேலைகளாய்
ஒன்றோடொன்று சிக்கும்போது
இது ஓடிவந்து ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளும்,
மறுபடி மடித்துப் பார்க்கும்,
முடியாததைக் கழிவுக்கு அனுப்பும்.
பிரமாதமாக ஒன்றும் செய்வதில்லை.
பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

சாயமேற்றினால் அது இருக்குமிடம் பழுப்பு.
நலமான ஈறுகளில் அங்கங்கே தேநீர்க் கறை.
வீங்கியவற்றில்
கெட்டிலையே யாரோ கவிழ்த்த மாதிரி.

கோயிலுக்குப் பின்னால் தகரக் கூடத்துச் சனிக்கிழமை வகுப்பில்
‘ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்’ என்று பலகையில் கண்டதும்
நானும் தம்பி குபேந்திரனும் வெளியே அனுப்பப்படும்வரை சிரித்தோம்.
ஈறு கெட்டால் பல் டாக்டரிடம்தானே போகவேண்டும்?
வாடாத மலர், வாடா மலர்.
கடைசி எழுத்து விழும்;
இல்லை என்பது விழாது.

சிக்கல் இங்கேதான்.
பல்லிடுக்குக் கிருமியிடமும் இதே புரோட்டீன் உண்டு.
அதற்கும் சூடு தாங்கவில்லை,
அதுவும் பிடித்துக்கொள்கிறது, மடித்துக்கொள்கிறது.
இரண்டுக்கும் முகச்சாயல் பாதிக்குப் பாதி.
காவலுக்கு நிற்பவை
அதைப் பார்த்துப் பார்த்துக் கண் பழகி
ஏதோ ஒரு ராத்திரி
நம்முடையதையே வழிமறித்து
எங்கே போகிறாய் என்று கேட்டுவிடலாம்.

ஃபீனிக்ஸ். அந்த ஜூலை.
கடைகள் எரிந்த பிறகு
பால் இல்லை, ரொட்டி இல்லை, போலீஸ் இல்லை.
தெருமுனையில் டயர்களோடு ஒரு செத்த ஃபிரிட்ஜையும் அடுக்கி
குபேந்திரன் ஹாக்கி மட்டையோடு நின்றான்.
எனக்குப் பயமில்லை என்று சொல்லமாட்டேன்.
விடிய விடிய
ஃபிளாஸ்க் ஃபிளாஸ்க்காகத் தேநீர் கொடுத்தனுப்பியது
நான்தான்.

அடுத்த புதன்கிழமை
எங்கள் போர்ட்டர் பெகானி ஸோண்டி
முன்பல் பாதி இல்லாமல் வேலைக்கு வந்தார்.
விழுந்துவிட்டேன் என்றார்.
எங்கே என்று யாரும் கேட்கவில்லை.
அவர் வீடு இனாண்டாவில்.
வரும் வழி எங்கள் தெரு.

வீக்கம் வடியப் பதினோரு நாள்.
பிறகு ஆய்வுக்கென்று மிளகளவு ஈறு தந்தார்,
மூன்று இடத்தில் கையெழுத்திட்டு.
மறுமாதம் தம்பியும் தந்தான்:
துலக்கினால் ரத்தம், சிகரெட், தூக்கமில்லை.
தூக்கமின்மைக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதி வைத்தேன்.

இந்த நாற்பத்தொன்றில்
இரண்டு அவர்களுடையவை.
எவை என்று எனக்குத் தெரியக்கூடாது,
அதற்குத்தான் எண்.
நூறு செல்லில் பழுப்பு எத்தனை?
பதினேழாம் ஸ்லைடில் எழுபத்தாறு.
முப்பதாவதிலும் எழுபத்தாறு.
கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்ப எண்ணினால்
எழுபத்துநாலு.
எழுபத்துநாலு என்றே குறித்தேன்.

ஐந்தரைக்குப் பெகானி கழிவுப் பைக்கு வருகிறார்.
புதுப் பல்லின் வெள்ளை
பக்கத்துப் பல்லோடு ஒட்டவில்லை.
சூடு, என்கிறார்.
ஆமாம், சூடு, என்கிறேன்.
இருவருமாக ஏசிக்காரனைத் திட்டுகிறோம்.
பை கனக்கிறது;
ஒரு முனையை நான் பிடிக்கிறேன்.
லிஃப்ட் வரும்வரை
வாய்க்குள்ளேயே நிற்கிறது
கேளாக் கேள்வி.